‘2071’ நாடகம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஒரு விஞ்ஞானியே மேடையேறிப் பேசிய ‘2071’ நாடகத்தைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும், நாடகக்காரர்களானாலும் சரி, அறிவியல் ஆசிரியர்களானாலும் சரி, ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். நான் அச்சில் வந்த பிரதியைப் படித்தவன், லண்டனில் போய்ப் பார்த்தவன் அல்ல. இதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2071ன்னா எதிர்காலத்துல நடக்கிற கதையா? உலகம் அழியற மாதிரி ஏதாவது வருமா?

வராது. நாடகம் நடப்பது 2014இல், அதாவது அது மேடையேறிய அதே நாட்களில். லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரில் 2014 நவம்பரில் நடந்தது. மேடையில் பேசிய கிறிஸ் ராப்லிக்கு அப்போது 67 வயது. அவருடைய மூத்த பேத்திக்கு அதே வயது ஆகும்போது வருடம் 2071. தலைப்புக்கு அவ்வளவுதான் கணக்கு.

வெள்ளம், ஓடும் கூட்டம், இடிந்து விழும் கட்டிடம் எதுவும் கிடையாது. ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பேசுகிறார், பின்னால் திரையில் படங்களும் வரைபடங்களும் அசைகின்றன, மெல்லிய இசை போகிறது.

மேடையில இருந்தது நடிகரா, நிஜமான விஞ்ஞானியா?

நிஜமான விஞ்ஞானி. ராப்லி அப்போது யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் பருவநிலை அறிவியல் பேராசிரியர். தன் பெயரிலேயே, தன் வாழ்க்கையைத்தான் பேசினார். வேடம் இல்லை, வேறு பாத்திரமும் இல்லை.

அப்படியென்ன பெரிய ஆள் அவர்? பேராசிரியர்கள் ஆயிரம் பேர் இருக்காங்களே.

இருக்கிறார்கள். ஆனால் இவர் போய்வந்த இடங்களைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியல், பிறகு ஜோட்ரல் பேங்க் என்ற இங்கிலாந்து வானியல் ஆய்வு நிலையத்தில் ரேடியோ வானியல், அப்புறம் எக்ஸ்-கதிர் வானியலில் முனைவர் பட்டம். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், செயற்கைக்கோளில் ரேடார் கருவி வைத்துப் பனிப்பரப்பின் உயரத்தை அளக்கலாம் என்று தெரிந்ததும் பூமிப் பக்கம் திரும்பினார். பூமி மொத்தமும் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்த, ஸ்டாக்ஹோமில் இருந்த சர்வதேச புவிக்கோள–உயிர்க்கோளத் திட்டத்தின் செயல் இயக்குநராக இருந்தார். 1998 முதல் 2007 வரை, அன்டார்க்டிகாவில் ஆய்வு நடத்தும் பிரிட்டன் நிறுவனமான பிரிட்டிஷ் அன்டார்க்டிக் சர்வேயின் இயக்குநர். அதன்பின் 2010 வரை லண்டன் சயின்ஸ் மியூசியத்தின் இயக்குநர்.

அன்டார்க்டிக் சர்வே சாதாரண அலுவலகம் அல்ல. ஓசோன் படலத்தில் துளை விழுந்திருப்பதை 1985இல் உலகத்துக்குச் சொன்ன மூவரும் அங்கே வேலை பார்த்தவர்கள்தான். ராப்லி அதன் தலைமையில் இருந்தபோது, 2002இல், அன்டார்க்டிகாவின் கரையை ஒட்டி மிதந்த லார்சன் பி என்ற பனித்தட்டில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் சில வாரங்களில் நொறுங்கிப் போனது. அளந்தவர்களோடு இருந்து பார்த்த ஆள் என்பதுதான் இங்கே முக்கியம்.

அவரே எழுதினாரா? விஞ்ஞானிக்கு நாடகம் எழுத வருமா?

தனியாக எழுதவில்லை. டங்கன் மக்மிலன் என்ற நாடகாசிரியரும் அவரும் சேர்ந்து எழுதினார்கள். மக்மிலன் அவரோடு நீண்ட உரையாடல்கள் நடத்தி, அந்தப் பேச்சிலிருந்து பிரதியைச் செதுக்கியிருக்கிறார். குழந்தை பெற்றுக்கொள்ளலாமா, அது இந்தப் பூமிக்குப் பாரம் இல்லையா என்று ஒரு தம்பதி விவாதித்துக்கொண்டே இருக்கும் ‘லங்ஸ்’ நாடகத்தை எழுதியவர் இவர்தான், அதனால் விஷயம் அவருக்குப் புதிதல்ல. இயக்கியவர் கேட்டி மிட்செல். பிரதி 2015இல் புத்தகமாகவும் வந்தது.

படிக்கும்போது மக்மிலனின் கை எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. வாக்கியங்கள் சின்னவை, ஒரு எண் வந்தால் அடுத்த வரியில் அது எப்படி அளக்கப்பட்டது என்றும் வந்துவிடுகிறது. விஞ்ஞானிகள் தனியாக எழுதினால் எண் இருக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் ஆட்களும் குளிரும் கருவியும் காணாமல் போயிருக்கும்.

ஒருத்தர் உட்கார்ந்து பேசறது லெக்சர் தானே? இதுக்குப் போய் டிக்கெட் வாங்கணுமா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். லண்டன் விமர்சகர்களிலும் சிலர் இதையே கேட்டார்கள், வேறு சிலர் இப்படி ஒன்று தேவைதான் என்றார்கள். நமக்கு இந்தச் சந்தேகம் வருவதுதான் எனக்கு ஆச்சரியம். கதாகாலட்சேபத்தில் பாகவதர் ஒருவர் ராத்திரி முழுக்கக் கூட்டத்தைக் கட்டிப்போட்டதைக் கேட்டு வளர்ந்த ஊர், ஒருவர் பேசினால் நாடகம் ஆகாது என்று எப்படிச் சொல்லும்?

ஆனால் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. நாடகம் என்றால் ஏதோ ஒன்று இழுபறியில் இருக்க வேண்டும். இங்கே இழுபறி அந்த மனிதருக்குள் இருக்கிறது: நாற்பது வருடத்துக்கு மேல் கருவியைப் படித்து, “இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும், இதற்கு மேல் சொல்ல மாட்டேன்” என்று பழகிய ஒருவர், பேத்தியின் வயதைக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கே தாத்தா பேசிவிடுவாரோ, எங்கே விஞ்ஞானி அவரைத் தடுப்பாரோ என்பதைக் கவனித்துப் படித்தால் அது நாடகம்தான். அதைக் கவனிக்கவில்லை என்றால் லெக்சர். நடுப்பகுதியில் எண்கள் நெருக்கியடிக்கின்றன, அங்கே எனக்குமே லெக்சர்தான்.

பனிக்கட்டிக்குள்ள பழைய காத்து இருக்குங்கறாங்களே, அது எப்படி? நம்பலாமா?

நம்பலாம். அன்டார்க்டிகாவின் உட்பகுதியில் விழும் பனி உருகுவதில்லை, அடுத்த வருடப் பனி அதன்மேல் விழுந்து அழுத்திக்கொண்டே போகிறது. பல பத்து மீட்டர் ஆழத்துக்குப் போனதும் துகள்களுக்கு இடையில் இருந்த காற்று வெளியேற வழியில்லாமல் குமிழிகளாக மாட்டிக்கொள்கிறது. துளையிட்டு நீளமான பனித்தண்டாக வெளியே எடுத்து, வெற்றிடத்தில் வைத்து நொறுக்கினால் அந்தக் காற்று வெளிவரும், அதில் கார்பன் டையாக்சைடு எவ்வளவு என்று நேரடியாக அளக்கலாம். அந்தக் காலத்து வெப்பநிலையைப் பனியின் நீர் மூலக்கூறுகளில் இருக்கும் கனமான ஹைட்ரஜன், ஆக்சிஜன் அளவை வைத்துக் கணிக்கிறார்கள்.

டோம் சி என்ற இடத்தில் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் துளைத்ததில் 8 லட்சம் வருடங்களின் பதிவு கிடைத்தது. அவ்வளவு காலத்திலும் கார்பன் டையாக்சைடு பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டியதே இல்லை. தொழிற்புரட்சிக்கு முன் 280. நாடகம் மேடையேறிய வருடம் சுமார் 399. இது கணினி மாதிரி போட்ட கணக்கு இல்லை, ஊகமும் இல்லை, காற்றையே பிடித்து அளந்தது. சந்தேகக்காரர்களிடம் எதையாவது ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

ரெண்டு டிகிரிக்கு இவ்வளவு கூப்பாடா? எங்க ஊர்ல காலைக்கும் மத்தியானத்துக்கும் பத்து டிகிரி வித்தியாசம் வருது.

அது ஒரு ஊரின் ஒரு நாள். தாண்டக் கூடாது என்று உலக நாடுகள் பேசிக்கொண்ட இந்த இரண்டு டிகிரி முழுப் பூமியின் வருட சராசரி, அது லேசில் நகராது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20 ஆயிரம் வருடங்களுக்கு முன், உலக சராசரி இப்போதையதைவிட ஐந்தாறு டிகிரிதான் குறைவு. அந்த ஐந்தாறு டிகிரிக்கே கடல் மட்டம் 120 மீட்டர் கீழே இருந்தது, கனடாவின் மேல் கிலோமீட்டர் கணக்கில் பனி, பாக் நீரிணை நடந்து கடக்கக்கூடிய தரை.

இன்னொன்று, கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போய்விடுகிறது. நாம் காற்றில் உணர்வது மிச்சம்தான். கடல் அவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் இன்றைக்கே புகையை நிறுத்தினாலும் கடல்மட்டம் உடனே நிற்காது, நூற்றாண்டுக் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும்.

மிதக்கற ஐஸ் உருகினா டம்ளர்ல தண்ணி ஏறாது. அப்ப துருவத்துல பனி உருகினா மட்டும் கடல் எப்படி ஏறும்?

பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் பாடம் கேட்டவர் கேள்வி. மிதக்கும் பனிக்கு அது சரிதான். ஆர்க்டிக் கடலில் மிதப்பது உருகினால் கடல்மட்டம் அநேகமாக ஏறாது. வெள்ளைப் பரப்பு போய் இருண்ட நீர் வருவதால் வெயிலை அதிகமாக உறிஞ்சும், அது வேறு தொல்லை.

தரையின் மேல் இருக்கும் பனி வேறு கதை. கிரீன்லாந்தின் பனி முழுதும் உருகினால் கடல் சுமார் 7 மீட்டர் உயரும், அன்டார்க்டிகா முழுதும் என்றால் 58 மீட்டர் அளவுக்கு. முழுதும் உருகப் பல ஆயிரம் வருடம் ஆகும், பயப்படாதீர்கள், ஆனால் அதில் சின்ன பங்கு போனாலே கடலோர ஊர்களுக்குப் போதும். மேலே சொன்ன லார்சன் பி மிதக்கும் பனித்தட்டு, அது நொறுங்கியதால் நேரடியாகக் கடல் ஏறவில்லை. ஆனால் அது முட்டுக்கொடுத்துத் தடுத்து வைத்திருந்த தரைப் பனியாறுகள் அதன்பின் வேகமாகக் கடலுக்குள் இறங்கத் தொடங்கின. டம்ளர் கணக்கில் விட்டுப்போனது இதுதான்.

இவ்வளவு பயங்கரமான விஷயத்தை ஏன் இவ்வளவு சாந்தமா சொல்றார்? கோபமே வரலையே?

கோபம் வராதவர் அல்ல. 2005இல் எக்ஸெட்டரில் நடந்த பருவநிலை மாநாட்டில், பருவநிலை அறிவியலை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் முந்தைய அறிக்கை அன்டார்க்டிகாவைத் தூங்கும் பூதம் என்கிற மாதிரி சொல்லியிருந்தது, இப்போது பூதம் விழித்துவிட்டது என்று இவர்தான் பேசினார். பத்திரிகைகள் அதைத் தூக்கிப் பிடித்தன. ஆக அவருக்குச் சூடாகப் பேசத் தெரியும். மேடையில் அதைச் செய்யாமல் விட்டது முடிவெடுத்துச் செய்தது.

எனக்கு அந்த முடிவு சரியென்றே படுகிறது. குரலை உயர்த்தினால் அரங்கில் இருப்பவர் அவருடைய உணர்ச்சியை எடைபோட ஆரம்பித்துவிடுவார், நடிக்கிறாரோ, மிகைப்படுத்துகிறாரோ என்று. சாந்தமாகச் சொன்னால் எடைபோட எண் மட்டுமே மிச்சம். ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர் தூங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதை மறுக்கவில்லை.

இதே மாதிரி இன்னொரு விஞ்ஞானி நாடகம் வந்துச்சே, ‘டென் பில்லியன்’. ரெண்டும் ஒண்ணுதானா?

ஒரே தியேட்டர், ஒரே இயக்குநர், ஒரே உத்தி. 2012இல் ஸ்டீபன் எம்மாட் என்ற விஞ்ஞானியைக் கேட்டி மிட்செல் மேடையேற்றினார், கேம்பிரிட்ஜில் அவருடைய அலுவலக அறையையே மேடையில் கட்டி. ஆனால் முடிவு நேர் எதிர். மனிதர்கள் திருந்தப் போவதில்லை என்ற இடத்தில் எம்மாட் நிறுத்துகிறார். இதற்கு நீ என்ன செய்வாய் என்று உடன் வேலை பார்ப்பவரைக் கேட்டபோது, மகனுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுப்பேன் என்று பதில் வந்ததாகச் சொல்லி முடியும்.

அது நெஞ்சில் அடிக்கும் முடிவு. ஆனால் அடி வாங்கிய ஆள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ராப்லி துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே போகவில்லை. என்ன பொறியியல் கைவசம் இருக்கிறது, இன்னும் எவ்வளவு கார்பன் எரித்தால் என்ன ஆகும் என்று கணக்கை நம் முன்னால் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். இரண்டில் எது நல்ல மேடை என்றால் எம்மாட்டுடையது என்பேன். எது நாணயமான பேச்சு என்றால் ராப்லியுடையது.

எதிர்க்கட்சிக்காரங்களுக்கு இடமே கொடுக்கலையே. நாடகம்னா ரெண்டு பக்கமும் பேசணும் இல்லையா?

பருவநிலை மாற்றத்தைச் சந்தேகப்படும் விஞ்ஞானியை நாயகியாக வைத்தே ராயல் கோர்ட் ஒரு நாடகம் போட்டிருக்கிறது: 2011இல் ரிச்சர்ட் பீன் எழுதிய ‘தி ஹெரெடிக்’. மாலத்தீவில் கடல்மட்டம் ஏறவில்லை என்று அளந்து சொல்லும் டயான் கேசல் என்ற பேராசிரியை, அதை வெளியிட விடாத துறைத்தலைவர், கொலை மிரட்டல், நிறைய நகைச்சுவை. ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்துப் பருவநிலை விஞ்ஞானிகளின் மின்னஞ்சல்கள் 2009இல் திருடப்பட்டு வெளியான சூடு தணியாத நேரம் அது. சிரிக்கலாம். ஆனால் அந்தப் பேராசிரியை கற்பனை, அவருடைய அளவும் கற்பனை.

இரண்டு பக்கம் என்பது கருத்துக்குப் பொருந்தும். என்ன செய்யலாம், யார் செலவை ஏற்பது, நிலக்கரியை எப்போது விடுவது, இவற்றிலெல்லாம் இரண்டென்ன, இருபது பக்கம் இருக்கிறது. பனிக்குமிழியில் அளந்த எண்ணுக்கு எதிர்ப்பக்கம் என்றால் இன்னொரு அளவைத்தான் கொண்டுவர வேண்டும். 2013இல் ஐபிசிசி, வெப்பமடைதலுக்கு மனிதச் செயல்களே பிரதான காரணம் என்பதற்கு 95 சதவீத உறுதி என்றது. 2021 அறிக்கையில் சந்தேகத்துக்கே இடமில்லை என்று எழுதிவிட்டார்கள்.

2014 நாடகத்தை இப்ப எதுக்குப் படிக்கணும்? கணக்கெல்லாம் பழசாயிடுச்சே.

எண்கள் பழசுதான். பாரிஸ் ஒப்பந்தம் 2015 டிசம்பரில்தான் வந்தது, நாடகத்துக்கு அது தெரியாது. 399 என்று சொன்னேனே, 2024இல் அது 424ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 2024 சுமார் 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு சொன்னது. ஒரு வருடம் அப்படி வந்ததால் பாரிஸ் ஒப்பந்தம் பேசிய 1.5 டிகிரி எல்லை உடைந்துவிட்டதாக ஆகாது, அது பல வருட சராசரியை வைத்துச் சொல்வது.

பழசானதுதான் இப்போது படிக்கக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் அன்றைக்குச் சொன்ன எந்தப் போக்கும் திரும்பவில்லை. பத்து வருடம் கழித்துப் படிக்கும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இன்றைய எண்ணைப் பென்சிலால் எழுதத் தோன்றும், எழுதிப் பாருங்கள்.

எது சரி எது தப்புன்னு அறிவியல் சொல்லாதுன்னு முடிக்கிறாரே, அது தப்பிச்சுக்கிற வேலை இல்லையா?

கஷ்டமான கேள்வி இதுதான். நாடகத்தின் முடிவில் அவர் சொல்வதன் சாரம்: இன்னும் அரை டிரில்லியன் டன் கார்பனை எரித்தால் காற்றில் கார்பன் டையாக்சைடு எவ்வளவு ஏறும், அதனால் இரண்டு டிகிரியைத் தாண்டுவோம் என்பதை அறிவியல் சொல்லும், எப்படிப்பட்ட உலகம் வேண்டும் என்பதை அது சொல்லாது. சிலருக்கு இது கையைக் கழுவுவது போலப் படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தீர்ப்பையும் அவரே சொல்லிவிட்டால், அரங்கில் இருப்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம்.

அவருக்கு மனதில் தீர்ப்பே இல்லை என்றும் நினைக்காதீர்கள். 2007இல் ஜேம்ஸ் லவ்லாக் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, கடலில் செங்குத்தான குழாய்களை மிதக்கவிட்டு ஆழத்து நீரை மேலே கொண்டுவந்து, கார்பன் டையாக்சைடை உறிஞ்சும் பாசியை வளர்க்கலாம் என்று ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினார், அதற்கு நிறைய எதிர்ப்பும் வந்தது. 2021 அக்டோபரில், எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் பணத்தை சயின்ஸ் மியூசியம் ஏற்பதை ஒப்புக்கொள்ள முடியாமல் அதன் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார். ஒருகாலத்தில் அவரே நடத்திய மியூசியம் அது. அதே மாதம் அங்கே ஒரு காட்சிக்கூடத்துக்கு அதானி கிரீன் எனர்ஜி பணம் தருவதாக அறிவிப்பு வந்து, அறங்காவலர்களில் இருவர் விலகினார்கள். ஆக, விஞ்ஞானியாக மேடையில் சொல்ல மறுத்ததைக் குடிமகனாக வெளியே செய்துகாட்டியிருக்கிறார். இரண்டையும் கலக்கவில்லை என்பதுதான் அவருடைய பலம் என்று நினைக்கிறேன், நீங்கள் வேறுமாதிரி நினைக்கலாம்.

விளக்கு, ஏசி, ஊர் ஊரா பயணம்னு நாடகமே கார்பன் தானே?

ஆமாம். கேட்டி மிட்செலுக்கும் இந்த உறுத்தல் உண்டு, விமானத்தை விட்டுவிட்டு ரயிலில்தான் போய்வருகிறார் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். மேலே சொன்ன ‘லங்ஸ்’ நாடகத்தை பெர்லினில் போட்டபோது மேடையிலேயே ஆட்களை சைக்கிள் மிதிக்க வைத்து அதிலிருந்து வந்த மின்சாரத்தில் விளக்கை எரித்தார்.

தமிழ்ல போடலாமா? ராப்லி வரமாட்டார், நல்ல நடிகரா ஒருத்தரைப் போட்டா போதாதா?

மொழிபெயர்த்துப் போட உரிமை வாங்க வேண்டும், அதைத் தவிர்க்க முடியாது. வாங்கிவிட்டாலும் நடிகர் என்பதில்தான் சிக்கல். ‘நான் அன்டார்க்டிக் சர்வேயின் இயக்குநராக இருந்தேன்’ என்று நடிகர் சொன்னால் அது வசனம். ஐந்தாவது கேள்வியில் சொன்ன இழுபறி அதில் இருக்காது, கணக்கு மட்டும்தான் மிஞ்சும்.

என்னைக் கேட்டால் அந்தப் பிரதியை விட்டுவிட்டு அந்த வழியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். வங்காள விரிகுடாவையோ பருவமழையையோ பவளப்பாறையையோ வாழ்நாள் முழுக்க அளந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, எழுதத் தெரிந்த ஒருவரை அவரோடு மாதக்கணக்கில் உட்கார வையுங்கள். விஞ்ஞானியை எழுதச் சொல்லாதீர்கள், பேசச் சொல்லுங்கள். எண்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம், ‘2071’ சறுக்குவதே அங்கேதான். ஆள் தேடும்போது ஓய்வு பெற்றவராகப் பாருங்கள், பதவியில் இருப்பவர் என்றால் மேலிடம் என்ன நினைக்குமோ என்று ஒவ்வொரு வரியிலும் பென்சிலை எடுப்பார்.